கரையில்லாக் குளத்துக்கு ஒரு கரை

நம் மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவுக்கும் மருந்தகத்துக்கும் இடையிலுள்ள திறந்த முற்றத்தில், சிமெண்டினால் உயர்த்திக் கட்டப்பட்ட சிறு குளம் ஒன்று இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். ஓர் ஆள் அமரத்தக்க அகலமுள்ள சுவர். உள்ளே ஒன்றேகால் அடி ஆழத்துக்கு நீர். நடுவில் ஓர் அல்லிக்கொடியும் சில கப்பி மீன்களும் உள்ளன. விளிம்பில் ஒரு புல்கூட இல்லை. வெயில் ஏறிவிட்டால் அந்தச் சிமெண்ட் விளிம்பைப் பார்க்கவே கண் கூசும்.

சென்ற மாதம் நிர்வாகக் கூட்டத்தில் இக்குளம் பேச்சுக்கு வந்தது. கொசு பெருகும் என்பதால் இதன்மேல் கற்பலகை இட்டு மூடி இருக்கைகள் போட்டுவிடலாம் என்று ஒரு சாரார் கூறினர். விளிம்பு முழுவதும் வல்லாரை, நீர்முள்ளி போன்றவற்றை நட்டு, பெயர்ப்பலகை வைத்து, இதனை ஒரு மூலிகைத் தோட்டமாக்கலாம் என்று மற்றொரு சாரார் கூறினர். இரு யோசனைகளும் நல்லெண்ணத்தில் எழுந்தவையே. எனினும் இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. குளம் திறந்தே இருக்க வேண்டும். அதன் விளிம்பில் செடிகளும் வேண்டும். ஆனால் அவை பறித்து உண்ணும் செடிகளாக இருத்தல் கூடாது என்பதே என் கருத்து. இறுதி முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. அம்முற்றத்தில் எங்களைவிட அதிக நேரம் கழிப்பவர்கள் நீங்கள். ஆகவே என் காரணங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

யாருக்காக இந்தக் குளம்?

டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்புக்கு ஒருமுறை வந்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். வாரத்துக்கு இருமுறையோ மும்முறையோ வர வேண்டும். நோயாளி உள்ளே படுத்திருக்க, அவரை அழைத்து வந்த மனைவியோ தாயோ மகனோ வெளியே காத்திருப்பார். ஆண்டுக்கணக்கில் இது தொடரும். நோயாளிக்குப் படுக்கை உண்டு, செவிலியர் உண்டு, மணிக்கொருமுறை இரத்த அழுத்தம் பார்ப்பாரும் உண்டு. உடனிருப்போருக்கு என்ன உண்டு? ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் சுவரில் ஒட்டப்பட்ட அறிவிப்புகளும்தான். பலர் எழுந்து வந்து அந்தக் குளத்துச் சுவரில் அமர்வதை என் அறைச் சன்னல் வழியே பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன்.

நோயாளிகளைப் பொறுத்தவரை நீர் என்பது எளிய பொருளன்று. ஒருமுறை டயாலிசிஸ் செய்ய இயந்திரம் சுமார் 120 லிட்டர் தூய நீரைப் பயன்படுத்துகிறது. ஆனால் அந்த இயந்திரத்தோடு இணைந்திருப்பவர், சிறுநீர் அறவே வெளியேறாதவராயின், நாள் முழுவதும் அரை லிட்டரை ஒட்டியே நீர் அருந்தலாம். இத்தகையோர் கண்ணெதிரே நீர்நிலையை வைப்பது கொடுமையாகாதா என்று ஒரு மருத்துவ நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. என் நோயாளிகள் சிலரிடம் இதனைக் கேட்டேன். குளத்தைப் பார்ப்பதால் தாகம் கூடுவதில்லை என்றே பெரும்பாலோர் கூறினர். ஓர் ஆசிரியர் மட்டும், "வெறும் தண்ணீரைப் பார்க்க முடியவில்லை ஐயா, ஒரு செடி இருந்தால் அதைப் பார்ப்பேன்" என்றார். விளிம்பில் செடி வேண்டும் என்னும் எண்ணம் எனக்கு அன்றுதான் உறுதிப்பட்டது.

பசுமையைப் பார்ப்பது நோயாளிக்கு நன்மை தருமா என்பதை ஆராய்ந்தவர்களுள் ரோஜர் உல்ரிச் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டோரின் பதிவேடுகளை அவர் ஆராய்ந்தார். சன்னல் வழியே மரங்களைக் காணக்கூடிய அறையில் இருந்த 23 பேரையும், செங்கற்சுவரை மட்டுமே காணக்கூடிய அறையில் இருந்த 23 பேரையும் ஒப்பிட்டார். மரங்களைக் கண்டவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. இவ்வாய்வு 1984-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. ஒரே மருத்துவமனையில், சிறு எண்ணிக்கையினரிடம் நடந்த ஆய்வு இது. இதனைக் காட்டி, செடி நட்டால் சிறுநீரகம் தேறும் என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். காத்திருக்கும் நேரம் சற்று இலகுவாகும் என்று மட்டுமே நான் கூறுகிறேன். அதுவும் சிறிய நன்மையன்று.

உயர்த்திக் கட்டிய குளத்தின் குறை

ஊர்க் குளத்தையோ ஏரியையோ நினைத்துப் பாருங்கள். நிலம் சரிந்து சரிந்து நீருக்குள் இறங்கும். மேட்டில் ஒரு மரம், சரிவில் புல், ஈரச் சேற்றில் கோரை, முழங்கால் ஆழத்தில் அல்லி என்று ஒவ்வோர் ஆழத்துக்கும் ஒரு செடி உண்டு. உயர்த்திக் கட்டிய குளத்தில் இந்தச் சரிவே இல்லை. சுவர் செங்குத்தாக இறங்குகிறது. ஒரு பக்கம் காய்ந்த சிமெண்ட், மறுபக்கம் ஒன்றேகால் அடி நீர். இடையில் ஈரமண் என்பதே கிடையாது. எனவே இங்குக் கரைச்செடி தானாக வராது. கரையை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

இதில் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. சுவருக்கு வெளியே, அடிப்பகுதியில் ஈரம் விரும்பும் செடிகளை நட்டுவிடுவார்கள். குளத்து நீர் சுவரைத் தாண்டி அங்கே கசியாது. கசிந்தால் சுவரில் விரிசல் என்று பொருள். அந்த மண் முற்றத்தின் மற்ற மண்ணைப் போலவே காய்ந்திருக்கும். செடி வாடிவிடும். ஈரம் விரும்பும் செடியைச் சுவரின் உட்பக்கத்தில்தான் வைக்க வேண்டும்.

முறை எளிது. உட்சுவரை ஒட்டிச் செங்கற்களை அடுக்கிப் படி போல் ஆக்க வேண்டும். அகன்ற, உயரம் குறைந்த தொட்டிகளில் வயல் வண்டலையோ களி கலந்த மண்ணையோ நிரப்பிச் செடியை நட்டு, மண் கலைந்து நீர் கலங்காதிருக்க மேலே கூழாங்கற்களைப் பரப்ப வேண்டும். தொட்டி மண்ணுக்கு மேல் மூன்று நான்கு விரற்கடை நீர் நிற்கும்படி செங்கல் படியின் உயரத்தைச் சரிசெய்தால் போதும். எருவோ தென்னைநார்க் கழிவோ சேர்க்கக் கூடாது. எரு நீரில் கரைந்தால் பாசி படர்ந்து குளம் பச்சைக் குழம்பாகிவிடும். நார்க்கழிவு மிதந்து வெளியேறும். புதிதாகக் கட்டிய சிமெண்ட் குளமானால் சுண்ணாம்பு கரைந்து நீர் காரத்தன்மை அடையும். சில முறை நீர் நிரப்பி வெளியேற்றிய பின்னரே செடியும் மீனும் விட வேண்டும். நம் குளம் பழையது. அந்தக் கவலை இல்லை.

எந்தச் செடிகள்? கல்வாழை ஆழமற்ற நீரில் செழித்து வளரும். கழிவுநீரைத் தெளியவைக்கும் பாத்திகளில்கூட அதனை நடுகிறார்கள். குடை விரித்தாற்போல் நிற்கும் கோரை வகை ஒன்று நாற்றங்கால்களில் கிடைக்கிறது. அது மெல்லிய நிழலும் தரும். நடுவில் அல்லி இருக்கிறது. இம்மூன்றுமே போதும். சம்புக் கோரை வேண்டாம். அது இடம் கிடைத்தால் குளம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். சேம்பும் டிஃபன்பாக்கியாவும் வேண்டாம். அவற்றின் இலையிலுள்ள ஆக்சலேட் ஊசிப்படிகங்கள், கடித்துப் பார்க்கும் குழந்தையின் வாயையும் தொண்டையையும் வீங்கச் செய்யும். முற்றத்தின் ஓரத்தில்கூட அரளி வேண்டவே வேண்டாம். அதன் எல்லாப் பகுதிகளும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சுடையவை என்பது தமிழ்நாட்டு மருத்துவர் அனைவரும் அறிந்ததே.

கொசு பற்றிய அச்சம்

குளத்தை மூடச் சொல்வோரின் அச்சத்தை நான் எளிதாக ஒதுக்கவில்லை. டெங்குவால் தட்டணுக்கள் குறைந்து வரும் சிறுநீரக நோயாளியைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பதை ஒவ்வொரு மழைக்காலத்திலும் காண்கிறேன். ஆனால் அச்சம் சரியான இடத்தில் இருக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, அசையாத சிறுநீரில் முட்டையிடுகிறது என்று எழுதினால் நீங்கள் வேறு பொருள் கொள்ளக்கூடும். ஆகவே விளக்கமாகவே எழுதுகிறேன். தேங்காய்ச் சிரட்டை, காகிதக் கோப்பை, பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டு, மூடாத வாளி ஆகியவற்றில் தேங்கும் கொஞ்ச நீரே அதற்குப் போதும். முட்டை பொரித்து, புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். நீர் வற்றினாலும் முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மீன் உள்ள, நீர் அசைகின்ற குளத்தைவிட, அதன் சுவரில் நாம் விட்டுச்செல்லும் தேநீர்க் கோப்பையே எனக்கு அதிக அச்சம் தருகிறது.

எனினும் செடிகள் விஷயத்தில் கவனம் தேவை. செடிகள் நெருங்கி வளர்ந்தால் கொசுப்புழுக்கள் அவற்றினிடையே ஒளிந்துகொள்ளும். மீன்கள் உள்ளே நுழைய முடியாது. ஆகவே விளிம்பு முழுவதையும் செடியால் அடைக்கக் கூடாது. தொட்டிக்கும் தொட்டிக்கும் இடையே ஒரு சாண் தெளிந்த நீர் இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு விளிம்பில் செடி இருந்தாலே கண்ணுக்குக் கரை தெரிந்துவிடும். காய்ந்த இலைகளை வாரந்தோறும் வெட்டி அகற்ற வேண்டும்.

ஆகாயத்தாமரையை யாரும் அன்போடுகூடக் கொண்டுவந்து விட வேண்டாம். யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழுக்கள், மிதக்கும் இச்செடியின் வேரில் குத்தி ஒட்டிக்கொண்டு அதிலிருந்தே காற்றைப் பெறுகின்றன. மேலே வந்து மூச்சுவிட வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் யானைக்கால் நோயைக் கட்டுப்படுத்தும் பணியில், குளங்களிலிருந்து இச்செடியை அகற்றுவது முக்கியமான பகுதியாக இருந்தது.

மற்றொன்று, புகைமருந்து. கொசுவுக்கு அடிக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. மருந்து அடித்த அன்று குளத்தை மூடாமல் விட்டால் மீன்கள் மடியும். மீனற்ற குளத்தில் சில நாட்களிலேயே கொசுப்புழு நிறையும். பிறகு, 'பார்த்தீர்களா, குளத்தால்தான் கொசு' என்று பேச்சு எழும். புகைமருந்து அடிக்கும் நாளில் தார்ப்பாய் போட்டு மூடும் பொறுப்பை ஒருவருக்கு ஒதுக்கினால் இது தீரும்.

நீரை அசைக்க நீரூற்று வைக்கலாமே என்றும் கூறினர். வேண்டாம். சிதறும் நீர்த்துளிகளில் லெஜியோனெல்லா என்னும் நுண்ணுயிரி பரவி, எதிர்ப்பாற்றல் குன்றியோருக்குக் கடும் நுரையீரல் அழற்சியை உண்டாக்கக்கூடும். நீருக்கடியிலேயே ஓடும் சிறு பம்பு போதும்.

மூலிகை ஏன் வேண்டாம்?

என் கருத்துகளுள் அதிக எதிர்ப்பைச் சந்தித்தது இதுதான். வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் நீர்ப்பிரம்மியும் நம் நீர்க்கரைகளுக்கே உரியவை. சுவர் விளிம்பில் படர்ந்து தொங்கி அழகு செய்ய நீர்ப்பிரம்மியைவிடப் பொருத்தமான செடி எனக்குத் தெரியாது. வசம்பின் வாள் போன்ற இலைகளும் அப்படியே. 'பிள்ளை வளர்ப்பான்' என்று நம் வீடுகளில் அன்போடு அழைக்கப்படும் செடி அது. என் தாயாரும் வசம்பை உரசியே எங்களை வளர்த்தார். அச்செடிகள்மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்களிடம் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த ஓர் உழவரை ஒரு நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு கொண்டுவந்தனர். இரத்தத்தில் பொட்டாசியம் 7-ஐத் தாண்டியிருந்தது. 5 வரை இருப்பதே இயல்பு. நெஞ்சில் நீர் கோத்திருந்தது. இதயத் துடிப்பு தடுமாறிக்கொண்டிருந்தது. உடனடியாக டயாலிசிஸ் செய்து அவரைக் காப்பாற்றினோம். மறுநாள் அவர் மனைவி தயங்கித் தயங்கிக் கூறினார்: "ஊர் ஏரிக்கரையில நீர்முள்ளி நெறைய கெடக்குதுங்கய்யா. கால் வீக்கத்துக்கு நல்லதுன்னு சொன்னாங்க. மூணு நாளா கஷாயம் வெச்சுக் குடுத்தேன்."

நீர்முள்ளி வீக்கத்துக்குரிய மூலிகை என்பது மரபில் உண்மையே. ஆனால் சிறுநீர் பிரியும் உடலுக்குக் கூறப்பட்ட மருந்து அது. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவருக்கு, குடித்த கஷாயம் வெளியேற வழியில்லை. இலையிலிருந்து இறங்கிய பொட்டாசியத்துக்கும் வழியில்லை. அன்று கேடு செய்தது எது, கஷாயத்தின் அளவா அதிலிருந்த பொட்டாசியமா, என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை; இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அந்த அம்மையார்மீது நான் கோபப்படவில்லை. கணவர் தேற வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், தன் கைக்கு எட்டியதைச் செய்தார். இப்படியொரு கை, மருத்துவமனையின் உள்ளேயே, மருத்துவமனையே பெயர்ப்பலகை வைத்து வளர்க்கும் செடியை நோக்கி நீளுமானால் அது யார் பிழை? 'ஆஸ்பத்திரியிலேயே வளர்க்கிறார்கள், நல்லதாகத்தான் இருக்கும்' என்று நினைப்பது இயற்கைதானே?

தேங்கிய நீரில் வளர்ந்த கீரையைப் பச்சையாக உண்பதால் ஒட்டுண்ணிகள் உடலில் புகும் அபாயமும் உண்டு. பொன்னாங்கண்ணி வேண்டுமெனில் சந்தையில் வாங்கலாம். எவ்வளவு உண்ணலாம் என்பதை நம் உணவியல் நிபுணரிடம் கேட்கலாம். சித்த மருத்துவம் பெற விரும்புவோர் தகுதியுள்ள சித்த மருத்துவரைக் காணலாம். என்னிடமும் அதனை மறைக்காமல் சொல்லலாம். நான் கடிந்துகொள்ள மாட்டேன். சொல்லாமல் இருப்பதே எனக்குக் கவலை. குளத்தங்கரை மட்டும் மருந்துக்கடையாக வேண்டாம்.

யார் தொடலாம், யார் தொடலாகாது?

உயர்த்திக் கட்டிய குளத்துக்கு ஒரு பெருநன்மை உண்டு. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், குனிய இயலாத முதியவருக்கும் நீரும் செடியும் கண்மட்டத்துக்கு அருகே வருகின்றன. அருகே வருவதனாலேயே கை வைக்கத் தோன்றும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்போர், மண்ணையும் குளத்து நீரையும் தொடாதிருக்க வேண்டும். மண்ணிலுள்ள பூஞ்சைகளும், மீன் வளரும் நீரில் வாழும் ஒருவகை மைக்கோபாக்டீரியமும் அவர்களுக்குத் தீராப் புண்ணை உண்டாக்கலாம். கழுத்தில் கதீட்டர் உள்ளவர்களும், கையில் ஃபிஸ்டுலா ஊசி போட்ட அன்று உள்ளவர்களும் அவ்வாறே. உடல்நலமுள்ள உடனிருப்போர், கையில் காயம் இல்லையெனில், உறை அணிந்து காய்ந்த இலை கிள்ளலாம். பின் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். உடன் வந்த சிறு குழந்தைகளை ஒரு கணமும் அங்குத் தனியே விட வேண்டாம். ஒன்றரை அடிச் சுவரில் மூன்று வயதுக் குழந்தை ஏறிவிடும். ஓரடி நீர் அதற்கு ஆழமே. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே உறுதியான கம்பிவலை பொருத்த வேண்டும் என்றும் நான் நிர்வாகத்திடம் கோரியுள்ளேன். செடிகள் எதுவும் வலையையோ நீரையோ மறைக்கும்படி அமையக் கூடாது.

என் கோரிக்கை

செலவு என்று பார்த்தால் சில செங்கற்கள், ஏழெட்டுத் தொட்டிகள், இரு வகைச் செடிகள், ஒரு வலை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் நட்டால் வேர் பிடித்துவிடும். குளத்தின் ஒரு பக்கத்தைச் செடியின்றி அப்படியே விட வேண்டும். ஏனெனில் அந்தச் சுவர் நீங்கள் அமரும் இடம். அந்தப் பக்கத்தில் பிற்பகல் நிழல் விழும்படி எதிர்ச் சுவரோரம் கல்வாழையை வைக்கத் தோட்டப் பணியாளர் இடம் குறித்திருக்கிறார்.

உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால், அல்லது நீரையே பார்க்க விரும்பாதவராக இருந்தால், வரவேற்பறையிலுள்ள கருத்துப் பெட்டியில் எழுதிப் போடுங்கள். எழுத இயலாதோர் செவிலியரிடம் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அவற்றை அப்படியே படிக்கிறேன். அதுவரை ஒரு சிறு உதவி: தேநீர் அருந்திய கோப்பையைக் குளத்துச் சுவரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மீன்களுக்கு பிஸ்கட் போடாதீர்கள். அவை கொசுப்புழுவைத் தின்னட்டும்.